அட்சதை விழாத படம்

மலாக்காவில் பாச்சாங் பக்கம் கல்யாணப் படம் எடுக்கிறவர்களில் நிவேன் என்று இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் ட்ரோன் பறக்கவிடுகிறவன். அவன் ட்ரோன் நிவேன். மற்றவன் ஹெல்மர் நிவேன். அவனுடைய முழுப்பெயர் நிவேந்திரன் என்பது மனைவி அகல்யாவுக்கும், வார நாட்களில் அவன் வேலை பார்க்கும் சுங்கை ஊடாங் குத்தகை ஆபீசுக்கும்தான் தெரியும். ஹெல்மர் என்பது அவன் கழுத்தில் தொங்கும் கேமராவின் பிராண்டு. ஆளைவிட வார்தான் முதலில் கண்ணில் படும். சாம்பல் நிற வார், அதில் வெள்ளை எழுத்து.

ஒரு காலத்தில் அந்த வார் இல்லாமல் மலாக்காவில் ஒரு தாலி ஏறியது கிடையாது. ஜாசின் பக்கத்துத் தோட்டக் கோயிலானாலும் சரி, டவுனில் ஏர்கான் மண்டபமானாலும் சரி, மணவறைக்கு முன்னால் முட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் கழுத்தில் எல்லாம் சாம்பல் வார்தான். ஓரிக்ஸ் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தவனைப் பார்த்து, "என்னா மச்சான், பிள்ளையோட வெளையாட்டுச் சாமானத் தூக்கிட்டு வந்துட்டியா?" என்று கேட்பார்கள். நிவேந்திரன் அப்படி யாரையும் கேட்டதில்லை. கேட்டவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறான்.

ஓரிக்ஸ் எப்போது முந்தியது என்று அவனால் சொல்ல முடியாது. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் எந்த நிமிடத்தில் மரத்தது என்று யாருக்குத் தெரிகிறது? தொட்டுப் பார்க்கும்போது அது இன்னொருவருடைய கன்னமாக இருக்கும். அப்படித்தான் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நிமிர்ந்து பார்த்தான், சுற்றி நின்றவர்கள் கழுத்தில் எல்லாம் ஓரிக்ஸின் நீல வார். சாம்பல் அவனுடையது மட்டும்.

அவனிடம் ஒரு பதில் இருந்தது. "நம்ம ஆளுங்க நெறத்த ஹெல்மர் மாதிரி எவனும் காட்ட மாட்டான்லா," என்பான். அது பொய்யும் இல்லை. ஹெல்மர் கறுப்பைக் கறுப்பாகவே காட்டும்; சாம்பல் பூசாது, சிவப்பு ஏற்றாது. மாலைக்கு மேலே மாப்பிள்ளையின் கழுத்து, பழுக்காத செம்பனைக் காயின் கருந்தோல் மாதிரி மினுங்கும். ஆனால் பெண் வீட்டார் படத்தைப் பார்த்ததும் சொல்கிற முதல் வார்த்தை, "கொஞ்சம் வெள்ளையாக்கிக் குடுங்க தம்பி." அவனும் ஆக்கிக் கொடுப்பான்.

ஹெல்மர் கம்பெனி புது மாடலை அறிமுகப்படுத்திய அன்று, இரவுச் சாப்பாட்டு மேசையில் தண்ணீர் ஜாடி மேல் போனைச் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் மேடையில் நின்று, இனி இந்தக் கேமரா கூட்டத்துக்கு நடுவிலும் ஆளின் கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்ளும் என்றார். கைதட்டல் கேட்டது.

"இது ஓரிக்ஸ்ல முன்னயே இருக்குன்னு சொன்னீங்களே?" என்றாள் அகல்யா.

"இருக்கு."

"அப்புறம் ஏன் தட்டுறாங்க?"

"அவுங்க ஆபீஸ் ஆளுங்களா இருக்கும்."

அவள் சிரித்தாள். அவனுக்குக் கோபம் வரும் என்று நினைத்திருப்பாள் போல, ஓரக்கண்ணால் பார்த்தாள். வரவில்லை. அவன் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

செர்காமில் ஒரு கல்யாணத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. நிவேந்திரனிடம் இருந்த பழைய மாடலுக்குக் கண்ணைப் பிடிக்கத் தெரியாது. முன்னால் எது பறந்தாலும் அதன் பின்னாலேயே ஓடும். தாலி கட்டும்போது கெட்டிமேளம் கொட்ட, நான்கு பக்கமிருந்தும் மஞ்சள் அரிசி பறந்து வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பெண்ணும் மாப்பிள்ளையும் மழையில் பார்த்த மாதிரி மங்கலாக இருந்தார்கள். அவர்கள் முகத்துக்கு முன்னால் ஒரே ஒரு அரிசி மட்டும், அதன் உடைந்த முனை வரைக்கும், ஊசியாகத் தெரிந்தது.

பெண்ணின் அப்பா நல்ல மனிதர். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அரிசி நல்லா வந்திருக்கு தம்பி," என்றார்.

புவனேந்திரன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனும் நிவேந்திரனும் பல வருடமாக ஜோடியாகப் படம் எடுக்கிறவர்கள். நிவேந்திரன் மணவறைக்கு நேர் முன்னால் நிற்பான், புவனேந்திரன் பக்கவாட்டில். முன்னால் நிற்கிறவன் எடுப்பதுதான் தாலிப் படம். அதுதான் ஆல்பத்தின் அட்டை, வீட்டு ஹாலில் மாட்டுகிற படம். அந்த இடம் எப்போதும் நிவேந்திரனுடையது. புவனேந்திரன் ஓரிக்ஸுக்கு மாறிய பிறகும் அந்த இடத்தைக் கேட்டதில்லை.

இப்போது கேட்டான். ரொட்டி சானாய் கடையில், தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே.

"மத்த படம்னா திரும்ப நிக்கச் சொல்லலாம்டா. தாலிய அவுத்துட்டு இன்னொரு தடவ கட்டுங்கன்னு சொல்ல முடியுமா?"

"முடியாது."

"நானும் எத்தன நாளைக்குத்தான் பார்த்துக்கிட்டு இருக்கிறது. நீ மாறிடு மச்சான். ஹெல்மர் சூடா ஹாபிஸ், கத முடிஞ்சிடுச்சு."

"லென்ஸ் ஒன்னும் அதுல மாட்டாதே. எல்லாத்தையும் மாத்தணும்."

"அப்ப தங்கராஜு மாமா மக கல்யாணத்துல பார்ப்போம். அதுல தாலிப் படம் நல்லா வந்துச்சுன்னா நீயே நில்லு, நான் வாயே தொறக்கல. தவறிச்சுன்னா முன்னால நான். சரியா?"

"சரி," என்றான் நிவேந்திரன். ரொட்டி ஆறிப் போயிருந்தது. அதைத் தின்று முடித்தான்.

தங்கராஜுவின் மகள் திலகவதியின் கல்யாணம் பாச்சாங்கில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மணவறைக்குப் பின்னால் சுவர் அளவுக்கு எல்.இ.டி. திரை, அதில் பூ விழுந்துகொண்டே இருந்தது. ஹெல்மர் அந்தப் பூவையும் துரத்தியது. நிவேந்திரன் தானியங்கியை அணைத்துவிட்டு, லென்ஸ் வளையத்தைக் கையாலேயே திருப்பி எடுப்பது என்று முடிவு செய்தான். அது அவனுக்கு நன்றாக வரும். ஆனால் முகத்துக்கு முன்னால் அரிசி பறந்தால் எதைப் பார்த்து வளையத்தைத் திருப்புவது?

அட்சதைத் தட்டு வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. முன்வரிசையில் மாப்பிள்ளையின் பெரியம்மா இருசம்மாள் ஒரு கைப்பிடி அள்ளி வைத்திருந்தார். நிவேந்திரன் அவர் முன்னால் குனிந்தான்.

"பெரியம்மா, கெட்டிமேளம் கேட்டதும் போட்டுடாதீங்க. முகம் மறைஞ்சிடுது. மொத முடிச்சு விழுந்ததும் நான் கை காட்டுறேன். அப்பப் போடுங்க, படம் அழகா வரும்."

"கேமராமேன் சொன்னா சரிதான். ஏ நளினி, பின்னால சொல்லு! அவரு கை காட்டினாத்தான் போடணும்!"

நளினி பின்வரிசைக்குச் சொன்னாள். அது அடுத்த வரிசைக்குப் போனது. நம்முடைய மண்டபங்களில் ஐயர் சொன்னால் இரண்டு பேர் திருப்பிக் கேட்பார்கள். மேளக்காரர் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். கேமராக்காரர் சொன்னால் மண்டபமே கேட்கும். மாலையைத் திரும்பப் போடு என்றால் போடுவார்கள். நெருப்புக்குப் பக்கத்தில் நின்று சிரி என்றால் சிரிப்பார்கள். சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த பெண்கள் வரைக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

புவனேந்திரன் பக்கவாட்டில் குந்தியிருந்தான். அவனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை குனிந்தான். நிவேந்திரனின் வலது கை விசையில், இடது கை வளையத்தில். கண்ணாடிக்குள் திலகவதியின் இமை முடிகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. மஞ்சள் கயிறு, மாப்பிள்ளையின் விரல் நகம், பெண்ணின் மேலுதட்டில் ஒரு துளி வேர்வை. அமுக்கினான். அமுக்கிக்கொண்டே இருந்தான். முதல் முடிச்சு விழுந்தது. இரண்டாவது. நாத்தனார் வந்து மூன்றாவதைப் போட்டாள். எல்லாமே கிடைத்தது. கிடைத்துவிட்டது என்று நினைத்தான். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

மேளம் நின்றது. பிறகுதான் மண்டபம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று அவனுக்கு உறைத்தது. கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கித் திரும்பினான். முந்நூறு பேர் மூடிய கையை நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தம்பி," என்றார் இருசம்மாள், "இப்பப் போடலாமா?"

கை காட்டுகிறேன் என்று சொன்னவனுக்கு, காட்டுவதற்குக் கை இல்லை. இரண்டும் கேமராவில் இருந்தன.

ஐயர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மாப்பிள்ளையின் அண்ணன் விமலன், "கேமராமேன் ஆர்டர் குடுக்கலப்பா!" என்று கத்த, சில பேர் சிரித்தார்கள். நிவேந்திரன் மெதுவாக வலது கையைத் தூக்கினான். அரிசி மொத்தமாக வந்து விழுந்தது. மேளம் இல்லாததால் அது தரையில் சிதறும் சத்தம்கூடக் கேட்டது. பெண்ணும் மாப்பிள்ளையும் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் அன்றைய படங்களைப் பெரிய திரையில் ஓடவிடுவது இப்போதைய வழக்கம். தாலிப் படம் வந்ததும் கைதட்டினார்கள். அவன் எடுத்ததிலேயே தெளிவான படம் அதுதான். அவ்வளவு பெரிய திரையிலும் ஒரு முடிகூடக் கலங்கவில்லை. திலகவதியின் தோல் அவளுடைய தோலாகவே இருந்தது.

பெண்ணின் அம்மா சுசீலா சாம்பார் வாளியோடு நின்று பார்த்தார்.

"நல்லாருக்கு. ஆனா என்னமோ மாதிரி இருக்கே." கொஞ்சம் யோசித்தார். "அரிசியே இல்லையே தம்பி. போட்டோ ஸ்டூடியோல போயி எடுத்த மாதிரி இருக்கு."

"நான்தான் ஆன்டி நிப்பாட்டி வைக்கச் சொன்னேன்."

"நீயா? நான் ஐயர் ஏதோ புதுசாச் சொல்றாருன்னு நெனச்சேன்." அவர் வாளியை மேசையில் வைத்துவிட்டு வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "கட்டுறப்ப என் கையிலயேதான் இருந்துச்சு. வேர்வையில ஒட்டிப் போச்சு. அப்புறம் போட்டேன், பாதி விழவே இல்ல."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நின்று கேட்டிருக்கலாம். வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பந்திக்குப் போய்விட்டார்.

கார் நிறுத்துகிற இடத்தில் புவனேந்திரன் பையை வைத்துவிட்டுத் திரும்பினான்.

"படம் தவறல," என்றான் நிவேந்திரன்.

"தவறல. நான் சொன்ன சொல்லு சொன்னதுதான், வாயத் தொறக்க மாட்டேன்." ஆனால் திறந்தான். "என் கேமராவுக்கு அரிசி ஒரு விஷயமே இல்லடா. எவ்வளவு பறந்தாலும் கண்ண விடாது. உன் கேமராவுக்காக முந்நூறு பேரக் கையக் கட்டி நிக்க வச்சிட்ட. என் படத்துலயும் அரிசி இல்ல."

நிவேந்திரன் சாம்பல் வாரைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினான். அதைப் பைக்குள் செருகினான்.

"அடுத்த வாரத்துலேருந்து நீ முன்னால நில்லு," என்றான்.

புவனேந்திரன் அதை எதிர்பார்க்கவில்லை. "டேய், நான் அதுக்குச் சொல்லல..."

"தெரியும்."

"என்கிட்ட பழைய ஓரிக்ஸ் ஒன்னு சும்மாதான் கிடக்கு. எடுத்துட்டு வர்றேன். சைடுல அதுல எடு."

"சரி."

புதன்கிழமை சுசீலா போன் செய்தார். கம்ப்யூட்டரில் அரிசியைப் போட முடியுமா என்று கேட்டார். முடியும் என்றான். அதற்கு, பறக்கிற அரிசியைத் தனியாகப் படம் எடுக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் பசியாறிவிட்டு, வீட்டின் பின்பக்கம் துணி காயப்போடும் கம்பியில் அகல்யாவின் கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டான். அகல்யா ஒரு கிண்ணத்தில் அரிசியும் மஞ்சளும் பிசைந்து எடுத்து வந்தாள்.

"எப்படிப் போடணும்?"

"கல்யாணத்துல போடுற மாதிரி."

"யாருக்கு?"

"சும்மா போடு."

அவள் போட்டாள். அவன் ஹெல்மரைத் தானியங்கிக்கு மாற்றிவிட்டு அமுக்கினான். அது ஓடிப்போய் அரிசியைப் பிடித்தது. ஒன்றை விட்டால் இன்னொன்று. குறுக்கே வேறு எதுவும் இல்லை. துரத்தக்கூடாதது என்று ஒன்றும் இல்லை. இன்னும் ஒரு கை, இன்னும் ஒரு கை என்று கிண்ணம் தீரும் வரை போட்டாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அய்யோ, ஒவ்வொரு அரிசியும் தனித்தனியா தெரியுதே! ஓரிக்ஸ்ல இப்படி வருமா?"

"வரும்."

சாயங்காலத்துக்குள் திலகவதியின் தாலிப் படத்தில் அரிசியை விழவைத்து அனுப்பிவிட்டான். முகத்தில் ஒன்றுகூட விழாமல் பார்த்து வைத்தான். சுசீலாவிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது: "இப்பத்தான் தம்பி கல்யாணம் மாதிரி இருக்கு." பின்னால் யாரோ, "எந்தக் கை அரிசிம்மா இது?" என்று கேட்பதும், சுசீலா சிரிப்பதும் அதில் கேட்டது. அகல்யா அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை புவனேந்திரன் கொண்டுவந்த ஓரிக்ஸை, நீல வாரோடு கழுத்தில் மாட்டிக்கொண்டு நிவேந்திரன் பக்கவாட்டில் போய்க் குந்தினான். கெட்டிமேளம் கொட்டியது. அரிசி பறந்தது. அதற்கு நடுவில், கேமராத் திரையில் பெண்ணின் கண் மேல் ஒரு சின்னப் பச்சைக் கட்டம் உட்கார்ந்துகொண்டு நகரவே இல்லை. அவன் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அமுக்கினான்.

"ஹெல்மர் அண்ணே, கொஞ்சம் தலையச் சாய்ங்க, மறைக்குது," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அவன் சாய்ந்துகொண்டான்.