பேர் ஒட்டிய குழாய்

தங்கச்சி பிறந்த அன்று உங்கள் அம்மாவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். பொருத்தம் பார்க்க, அம்மாவின் ரத்தம் எடுத்த சிறு குழாயோடு என்னை ரத்த வங்கிக்கு அனுப்பினார்கள்.

அங்கே குழாய்களை வாங்கிப் பார்க்க ஒல்லியாக ஒரு பெண்மணி இருந்தார். எந்தக் குழாய் வந்தாலும் மூக்குக் கண்ணாடிக்கு அருகே பிடித்து, பேரை இரண்டு தடவை வாய்விட்டுப் படிப்பார். உங்கள் அம்மாவின் குழாயையும் “மாரியம்மா, மாரியம்மா” என்று படித்தார்.

“இந்தப் பேர யாரு எழுதுனது?”

“நாந்தான்க்கா. அவசரம்னு காலிக் குழாய வாங்கி, முன்னாடியே எழுதி ஒட்டிட்டேன். எங்க பட்டாசுக் கம்பெனில அப்படித்தான், லேபிள ஒட்டிட்டுத்தான் சரக்க அடைப்போம்.”

“இது என்ன வெடிப் பெட்டியாண்ணே?” என்றவர் குழாயைக் குப்பையில் போட்டுவிட்டார்.

எனக்கு உயிரே போயிற்று. “என்னக்கா இப்படிப் பண்ணிட்டீக! அங்கன அவ உசுருக்குக் கெடக்கா!”

“அதுக்குத்தான் சொல்றேன். வார்டுல எத்தன மாரியம்மா இருக்காகன்னு பாத்தீகளா? பேர் ஒட்டுன காலிக் குழாய்ல யார் ரத்தமும் ஏறிரும். மாத்தி ஏத்துனா ஆளு தாங்காது. கட்டில்கிட்ட பேரக் கேட்டு, ரத்தம் எடுத்து, அங்கனயே நர்ஸ எழுதச் சொல்லுங்க. ஓடுங்க!”

ஓடினேன். நர்ஸ் எழுதிக் கொடுத்த இரண்டாவது குழாயைக் காட்டியதும் பொருத்தமான ரத்தம் கிடைத்தது. அம்மா பிழைத்தாள்.

நாலாம் நாள் நன்றி சொல்லப் போனேன். மனசு கேட்காமல், “மொதக் குழாயிலயும் அவ ரத்தந்தானக்கா இருந்துச்சு?” என்றேன்.

“இருந்திருக்கும். எனக்கெப்படித் தெரியும்?”

தெரியாது என்பதை அத்தனை உறுதியாகச் சொன்ன வேறொரு மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை.