கனடாவுக்கும் வெண்ணந்தூருக்கும் நடுவே போன கண்

வருடத்தில் ஆறு மாதம் கனடா, ஆறு மாதம் வெண்ணந்தூர் என்று நாங்கள் வாழ ஆரம்பித்தபோது ஊரில் எல்லோருக்கும் எங்கள் மேல் ஒரு பொறாமை இருந்தது. "உங்களுக்கென்னுங்க, ரெண்டு நாட்டுக்காரங்க" என்று பக்கத்து வீட்டில் விசைத்தறி வைத்திருக்கும் அம்மா பார்க்கும்போதெல்லாம் சொல்லும். நானும் சிரித்துக்கொண்டே போவேன். சொல்லிக்கொள்ள ரெண்டு நாடு இருந்தாலும் உடம்புக்கு ஒன்று என்றால் எந்த நாட்டிலும் நாங்கள் முழு ஆள் இல்லை என்பது அப்போது எனக்கே தெரியாது.

எங்களுக்கு ஒரே மகள். அவளும் மாப்பிள்ளையும் டொராண்டோவுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார்கள். பேரன் பிறந்த வருடம் போனோம். அதன் பிறகு வருடா வருடம் சித்திரை வெயிலுக்கு முன்னால் கிளம்பி, ஐப்பசி மழைக்குத் திரும்பி வருவது வழக்கமாகிவிட்டது. விசாவில் எங்களை வருகையாளர் என்று போட்டிருந்தது. அடுப்படியில் யாரும் என்னை அப்படி நடத்தவில்லை. காலையில் ஐந்து பேருக்கும் சமைத்து, பேரனைக் குளிப்பாட்டி அனுப்புவேன். அவனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வருவது என் கணவருடைய வேலை. பெற்ற பிள்ளைக்குச் செய்வதுதானே என்று செய்தேன். அதில் எனக்குக் குறை இல்லை, அந்த நாள் வரைக்கும்.

என் கணவர் துணை தாசில்தாராக ஓய்வு பெற்றவர். பாஸ்போர்ட், இன்சூரன்ஸ், பென்ஷன், சர்க்கரை மாத்திரை, இரண்டு நாட்டுக்கும் இரண்டு போன் என்று எல்லாம் அவர் கையில்தான். வங்கிக் கணக்கும் அவர் பேரில்தான். "உன்ற பேரயும் சேத்தலாம், அப்பறம் பாத்துக்கலாம்" என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.

போன முறை கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் சேலத்து டாக்டர் அவருடைய சர்க்கரை மாத்திரையின் அளவைக் கூட்டிக் கொடுத்தார். சாதாரண விஷயம். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் இப்படிக் கூட்டுவதும் குறைப்பதும் நடப்பதுதான். கனடா போனதும் அங்கேயும் அதே மாத்திரையைச் சாப்பிட்டார்.

ஒரு நாள் மத்தியானம் பேரனைக் கூட்டி வந்தவர், செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ஏன் புள்ள, கண்ணு முன்னாடி கொசு மாதிரி என்னமோ பறக்குது" என்றார். நான், வெயிலில் வந்ததால் இருக்கும் என்றேன். மறுநாள் இடது கண்ணின் ஓரத்தில் கறுப்பாக ஒரு திரை தொங்குவதாகச் சொன்னார். மகள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் பார்த்த டாக்டரம்மா மிகவும் பொறுமையாகப் பேசினார். கண்ணுக்குள் விழித்திரை ஓரத்திலிருந்து உரிந்து வருகிறது, நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது உரிவதற்குள் ஆபரேசன் செய்தால் பார்வை காப்பாற்றப்படும், நாளைக்கே செய்யலாம் என்றார். செய்தால் கண்ணுக்குள் ஒரு வாயுவை அடைப்பார்கள். அது கரையும் வரை சில வாரங்களுக்கு விமானம் ஏறக் கூடாது.

அன்றைக்கே மகள் இன்சூரன்ஸ்காரர்களுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். பேசிய பெண் இனிமையாகத்தான் பேசினாள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை அளவு சமீபத்தில் மாறியிருக்கிறது, அதனால் அது நிலையாக இல்லாத நோய், அதனால் வந்த கண் கோளாறுக்குப் பணம் தர முடியாது, வருந்துகிறோம். அவ்வளவுதான். சேலத்து டாக்டர் எங்கள் நல்லதுக்காகக் கூட்டிக்கொடுத்த மாத்திரை அங்கே எங்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

மகள் சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றிருந்தார். அந்த வருடம்தான் அவர்கள் வீட்டுக்குக் கீழே ஒரு தளம் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஆபரேசனுக்கு ஆகும் தொகையைக் கேட்டபோது மாப்பிள்ளை ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, குடிக்காமல் மறுபடி உள்ளே வைத்தார்.

அதை என் கணவரும் பார்த்தார். ஒரு கண்ணில் திரை விழுந்திருந்தாலும் அதைப் பார்த்துவிட்டார்.

"டிக்கெட்டு போடு சாமி" என்றார் மகளிடம். "நம்மூர்ல போயிப் பாத்துக்கலாம். சேலத்துல இல்லாத டாக்டருங்களா?"

"ஏனுங்க, நாளைக்கே பண்ணோணும்னு அந்தம்மா சொன்னாங்களே" என்றேன் நான்.

"நீ சும்மா இரு. மாப்பிள்ள காசுல கண்ணத் தொறக்கோணுமா நானு?" என்று என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார்.

நான் மகளின் முகத்தைப் பார்த்தேன். காசு கிடக்கட்டும் அப்பா என்று அவள் ஒரு வார்த்தை சொல்லிவிடுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். சொன்னால் அவர் வேண்டாம் என்பார், இவள் அழுவாள், கடைசியில் ஒத்துக்கொள்வார். எங்கள் வீட்டில் எல்லாம் அப்படித்தான் நடக்கும். அவள் "சரிங்கப்பா" என்றாள். லேப்டாப்பைத் திறந்து டிக்கெட் தேடினாள். ஜன்னல் ஓர சீட் வேண்டுமா என்று கேட்டாள்.

டிக்கெட் கிடைக்க ஒரு நாள் போனது, பயணத்தில் இன்னொரு நாளுக்கு மேல். இரண்டு விமானம் மாறினோம். இரண்டாவது விமானத்தில் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் என் கையைத் தட்டி, "இந்தப் பக்கம் லைட்ட அணைச்சுட்டாங்களா?" என்று கேட்டார். எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. நான், "ஆமாங்க, தூங்கறதுக்காக அணைச்சிருக்காங்க" என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. தட்டிலிருந்த சோற்றை வலது பக்கம் இருந்ததை மட்டும் சாப்பிட்டார்.

பெங்களூரிலிருந்து காரில் நேராகச் சேலத்துக் கண் ஆஸ்பத்திரிக்கே போனோம். பெட்டிகள் காரிலேயே இருந்தன. டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நடுவுல முழுசா உரிஞ்சிருச்சே. ரெண்டு மூணு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா சார்?"

"நான்தானுங்க கவனிக்காம உட்டுட்டேன்" என்றார் என் கணவர்.

மகளை ஒரு முகம் தெரியாத டாக்டரிடம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அந்த ஆத்திரத்தோடுதான் பணம் கட்டும் இடத்தில் போய் நின்றேன். கார்டு வேலை செய்யவில்லை. இன்னொரு தரம் போட்டார்கள். வேலை செய்யவில்லை.

நடந்தது இதுதான். வங்கியில் கேஒய்சி என்று ஆதார் விவரத்தைப் புதுப்பிக்கச் சொல்லிப் பல தரம் எஸ்எம்எஸ் அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பியது அவருடைய இந்திய நம்பருக்கு. நாங்கள் கனடாவில் இருந்தபோது ரீசார்ஜ் முடிந்து அந்த நம்பரைக் கம்பெனியே எடுத்துக்கொண்டது. பதில் வராததால் வங்கி கணக்கை முடக்கிவிட்டது. நான் அந்த நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். யாரோ ஒரு ஆள் இந்தியில் பேசினார். அவருக்கு என்ன தெரியும், பாவம்.

விஷயத்தைச் சொன்னதும் மகள் உடனே பணம் அனுப்பினாள். அதே கணக்குக்குத்தான், எந்தக் கணக்குக்கு என்று கேட்காமலேயே. அந்தக் கணக்கில் போடுவதற்குத் தடையில்லை, எடுப்பதற்குத்தான் தடை. வாழப்பாடியிலிருந்து என் தம்பி பஸ் பிடித்து வந்து பணம் கட்டின பிறகு, மறுநாள் ஆபரேசன் நடந்தது.

கண்ணுக்குள் வாயு அடைத்தார்கள். ஒரு வாரத்துக்குக் குப்புறத்தான் படுக்க வேண்டும், உட்கார்ந்தாலும் தலை குனிந்தே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். வலது கண்ணிலும் விழித்திரை மெலிந்திருக்கிறது, அந்த வாரமே லேசர் வைத்துவிட வேண்டும் என்றும் சொன்னார். தம்பியிடம் இன்னொரு தரம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பணம் அத்தனையும் ராசிபுரத்து வங்கியில் இருக்கிறது, நான் ஏன் கேட்க வேண்டும்?

வங்கிக்குப் போனேன். மேசையிலிருந்த இளைஞர் வெளியூர்க்காரர். மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், கணக்கு சார் பேர்ல மட்டும்தான் இருக்கு. சார் நேர்ல வரணும்."

"ஆபரேசன் பண்ணிக் குப்புறப் படுத்திருக்காருங்க. தலையவே தூக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காங்க."

"அப்படின்னா நாங்களே வீட்டுக்கு வருவோம் மேடம். சார் அவரோட போன்ல இருந்து ஒரு ரிக்வெஸ்ட் மட்டும் போடணும்."

"அந்த போன்தானுங்க போயிருச்சு."

"அப்போ நேர்லதான் வரணும் மேடம்."

மறுநாள் காரில் கூட்டிப்போனேன். பின் சீட்டில் முன்னால் குனிந்து, மடியில் ஒரு தலையணையை வைத்து அதில் நெற்றியை முட்டுக்கொடுத்து வந்தார். வங்கிக்குள் நுழைந்தபோதும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் நடந்தார், நான் தோளைப் பிடித்துத் திருப்பித் திருப்பி விட்டேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு விவசாயி எழுந்து இடம் விட்டார். பிறகு உற்றுப் பார்த்து, "நம்ம துணை தாசில்தாருங்களா? என்னுங்க சார், இப்பிடித் தலையக் குனிஞ்சுட்டு?" என்று கேட்டார். என் கணவர் குனிந்தபடியே பெஞ்சில் உட்கார்ந்தார். அவருடைய காது மட்டும் சிவந்தது. அவர் வேலையில் இருந்தபோது தாலுகா ஆபீஸ் வராந்தாவில் இந்த மாதிரி ஆட்கள்தான் அவர் கையெழுத்துக்காகக் காத்திருப்பார்கள்.

கைரேகை வைத்தார்கள். எடுக்கவில்லை. விரலைத் துடைத்து மறுபடி வைத்தார்கள், எடுக்கவில்லை. அந்த இளைஞர் மெஷினை ஓரமாக வைத்துவிட்டுத் தன் போனை எடுத்தார்.

"முகத்த வச்சுப் பண்ணிரலாம். சார், கொஞ்சம் நிமிந்து கேமராவப் பாருங்க."

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர் நிமிர்ந்துவிட்டார். அரசாங்க வேலை பார்த்தவர். நிமிரச் சொன்னால் நிமிர்வார்.

"கண்ண ரெண்டு தரம் சிமிட்டுங்க சார்."

வலது கண்ணைச் சிமிட்டினார். இடது கண்ணில் பெரிய கட்டு. முகம் பொருந்தவில்லை என்று வந்தது. மறுபடி பார்த்தார்கள். மறுபடியும் பொருந்தவில்லை.

"மேடம், அந்தக் கட்ட ஒரு நிமிசம் எடுக்க முடியுமா?"

நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. வங்கி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் தலையை மறுபடி குனிந்துகொண்டு, "கத்தாத, எல்லாரும் பாக்கறாங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர் அம்மா வெளியே வந்து என்னவென்று விசாரித்தார். கேட்டுவிட்டு அந்த இளைஞரிடம், "இத பேப்பர்லயே வாங்கியிருக்கலாமே, டாக்டர் சர்டிபிகேட்டோட? வீட்டுக்கே யாராவது போயிருப்பாங்களே" என்றார். இளைஞர், தனக்கு அது தெரியாது என்றார். அவ்வளவுதான் விஷயம். கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். லேசருக்கு முதல் நாள் கணக்கு திறந்தது. கணக்கில் என் பேரையும் சேர்த்தோம்.

வலது கண் தப்பித்தது. இடது கண்ணில் இப்போது வெளிச்சம் தெரியும், ஆள் நகர்ந்தால் நிழல் மாதிரி தெரியும். வங்கியில் நிமிர்ந்ததால்தான் அப்படியா என்று டாக்டரிடம் கேட்டேன். "அது ஃப்ளைட்லயே போயிருச்சும்மா" என்றார்.

தை பிறந்ததும் மகள் போன் செய்தாள். அப்பா கண் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பிறகு, "இந்த வருசம் கொஞ்சம் சீக்கிரமா வந்தா நல்லாருக்கும்மா. கீழ ரூம் ரெடியாயிருச்சு, உங்களுக்குத்தான். டிக்கெட் போடட்டுமா?" என்றாள்.

"நான் வல்ல சாமி" என்றேன்.

"ஏம்மா?"

"அன்னிக்கு அந்த மேசைல உக்காந்து, ஒரு வார்த்த நீ ஏன் சொல்லல? இங்கயே பாத்துக்கலாம்ப்பான்னு?"

போனில் பின்னால் பேரன் எதையோ போட்டு உடைக்கும் சத்தம் கேட்டது.

"அப்பாதானேம்மா போலாம்னு சொன்னாரு."

அது பொய்யில்லை. போனை வைத்துவிட்டேன்.

நாங்கள் போகவில்லை. மகள் பேரனைப் பார்த்துக்கொள்ள அங்கேயே ஒரு பெண்ணை வைத்துவிட்டாள். வைக்க முடியும் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுகிறோம். முன்னால் ஒரு மணி நேரம் பேசுவாள், இப்போது சீக்கிரம் முடிந்துவிடுகிறது. பேரன், தாத்தாவின் ஒரு கண் மட்டும் ஏன் தன்னைப் பார்க்கவில்லை என்று இங்கிலீஷில் கேட்டான். தாத்தா சிரித்துக்கொண்டே, அது உன் பாட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அவனுக்குச் சொன்னார்.

போனை வைத்த பிறகு அவர் சிரிப்பதில்லை. மகளின் மேல் அவருக்கு இன்றைக்கும் ஒரு கோபமும் கிடையாது. இன்சூரன்ஸ்காரர்கள் மேலும் இல்லை, வங்கியின் மேலும் இல்லை. "இருக்கறது ஒரே புள்ள. அதையும் நீதான் வாயக் குடுத்து ஒதுக்கி உட்ட" என்று என்னிடம்தான் சொல்கிறார். சொல்லிவிட்டு வலது பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொள்கிறார். நான் அவருடைய இடது பக்கத்தில் தட்டை வைத்தால் அது அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. எழுந்து சுற்றிப் போய் வலது பக்கத்தில் வைக்கிறேன்.