ஆதிலட்சுமி நிரப்பாத கட்டம்

ஆதிலட்சுமிக்கு ஆஸ்பத்திரியில் வாயாடி என்று பெயர். புருஷன் கைவிட்ட பிறகு நர்ஸ் படிப்பு முடித்தவள். அழுது தீர்த்த கண்கள் யாருக்கு அஞ்சும்?

2003 கார்த்திகை மாதம். செங்கம் சாலையில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கே கட்டில்கள். கண் திறப்பு, பேச்சு, கை அசைவு மூன்றுக்கும் தினமும் மதிப்பெண் போடுவார்கள். முழுதாகத் தேறியவருக்குப் பதினைந்து. எண் இறங்கினால் ஆபத்து.

ரத்தத்தில் கிருமி பரவி வந்த கீழ்பென்னாத்தூர் சந்திரம்மாளுக்கு ஞாயிறன்று பதிமூன்று. திங்கள் காலை டாக்டர் கோதண்டராமன் பெயர் கேட்டார், பதில் இல்லை. கிள்ளினார், அப்போதுதான் கண் திறந்து கையைத் தட்டிவிட்டாள். எட்டு என்று எழுதினார். மதியம் வந்த டாக்டரும் காலையில் எழுதியதைப் பார்த்தே எட்டு போட்டுவிட்டார். இருவரும் ஒரே எண் சொன்ன பிறகு சந்தேகம் ஏது? வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லலாம், கட்டில் வேறொருவருக்கு என்று முடிவாயிற்று.

அதற்கு மூன்று பேர் மதிப்பெண் கட்டத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும்; மூன்றாவது ஆதிலட்சுமியுடையது. இரண்டு விரல் காட்டச் சொன்னாள். இரண்டு விரல்கள் மெல்ல எழுந்தன. பெயர் கேட்டால் மட்டும் உதடு இறுகியது. ஓடிப்போய் வெளியே இருந்த சந்திரம்மாளின் மருமகள் கஸ்தூரியைக் கேட்டாள். அதுவரை அவளிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"அத்தைக்குத் திங்கக்கிழமைன்னா மௌன விரதங்க. விளக்கு வெச்சாதான் வாய் தொறப்பாங்க."

கோதண்டராமன் சிரித்தார். "இந்தக் காய்ச்சல்ல விரதம் ஞாபகம் இருக்குமா? கட்டத்தை நிரப்புங்க சிஸ்டர்."

"நிரப்ப மாட்டேன் சார். பேச முடியாததும் பேசாததும் ஒண்ணு இல்ல. ஆறு மணி வரைக்கும் கட்டிலை யாரும் தொடக்கூடாது."

வேலை போய்விடும் என்றார். போகட்டும் என்று பேனாவை மூடிவிட்டு, கட்டில் காலோடு ஒட்டி நின்றாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசல் பிள்ளையாருக்கு விளக்கேற்றி, கஸ்தூரி திருநீறு கொண்டுவந்து பூசினாள். கோதண்டராமனே மறுபடி பெயர் கேட்டார்.

காய்ந்த உதடு பிரிந்தது. "காலைலேருந்து எத்தினி தடவ கேப்பீங்க? சந்திரம்மா. எழுதிக்கோங்க."

ஆதிலட்சுமிக்குக் கண்ணீர் முட்டியது. துடைக்காமலே பேச்சுக்கு முழு ஐந்தும் போட்டாள். பிறகு மற்ற மூன்று நோயாளிகளின் தாள்களையும் எடுத்து, காலையில் எழுதிய எண்கள்மேல் பிளாஸ்திரி ஒட்டி டாக்டரிடம் நீட்டினாள்.

"இனிமே பழைய எண்ணைப் பாக்காம, ஆளைப் பாத்துப் போடுங்க சார்."

அவர் முறைத்தார். அவள் நீட்டிய கை இறங்கவில்லை. கடைசியில் தாள்களை வாங்கிக்கொண்டு முதல் கட்டிலுக்கு நடந்தார்.