மகளுக்காக நான் பிடித்த இடம்

டாக்டருக்குப் படிப்பவர்கள் தூங்கவே மாட்டார்கள் என்று நான் நம்பினேன். தூங்கினால் அன்று படித்தது தலையணையில் ஒழுகிப் போய்விடும் என்பது என் கணக்கு. என் மகள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே தமிழ்க் கடைகள் இருக்கும் லிட்டில் இந்தியாவுக்கு ஓடிப் போய் வல்லாரைக் கீரை நான்கு கட்டும், ஒரு கிலோ பாதாமும் வாங்கி வந்தேன். தூக்கத்துக்குப் பதிலாக உடம்புக்கு ஏதாவது வேண்டுமே!

அவளோ சில வாரம் கழித்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு கால அட்டவணை ஒட்டினாள். எலும்பு, தசை, நரம்பு எல்லாம் வரிசையாக இருந்தன. நடுநடுவே பச்சை மையில் ‘தூக்கம்’. ராத்திரித் தூக்கம் போதாதென்று ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம் வேறு. மறுநாள் திங்கட்கிழமைதான் உடற்கூறியல் தேர்வு, அவளுடைய முதல் தேர்வு. தேறாவிட்டால் விடுமுறையில் மறுபடி எழுத வேண்டும். தஞ்சோங் பகாரில் என் அலுவலகத்தில் பதினேழு பேருக்கு ‘மகள் டாக்டராகப் போகிறாள்’ என்று ஏற்கெனவே லட்டு கொடுத்தாயிற்று. தின்ற லட்டைத் திருப்பியா வாங்க முடியும்?

சனிக்கிழமை யாரும் பார்க்காதபோது மதியத் தூக்கத்தை அழித்துவிட்டு ‘முதுகெலும்பு’ என்று எழுதி வைத்தேன். ஒரு மணி நேரத்தில் முதுகெலும்பு காணாமல் போய்த் தூக்கம் திரும்பி வந்திருந்தது. கீழே ஒரு குறிப்பு: ‘அப்பா, உங்க கையெழுத்து எனக்குத் தெரியும்.’

“ஏங்க, ஒரு வாரமா விடியக்காலையில எழுந்து அவ ரூம்ல லைட் எரியுதான்னு பார்க்குறீங்க. முதல்ல நீங்க தூங்குங்க” என்றாள் மனைவி. நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் மகள் அறைக் கதவைச் சாத்தப் போனாள்.

“ஏம்மா, நாளைக்குப் பரீட்சை.”

“தெரியும்பா. ரெண்டு மணி வரைக்கும் தூங்குறேன். அப்புறம் லைப்ரரி.”

“அதுக்குள்ள எல்லா இடமும் போயிடுமே!”

“கிடைக்கும் லா.”

எல்லாப் பேச்சின் வாலிலும் இங்கே ஒட்டிக்கொள்ளும் அந்த ‘லா’வில் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த ஊர் உணவங்காடியில் மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலம் வைத்துவிட்டால் போதும், இடம் நம்முடையது. அதைத்தான் ‘சோப்’ பண்ணுவது என்போம். அவளுடைய தடிமனான உடற்கூறியல் புத்தகத்தையும் ஒரு டிஷ்யூ பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு வீட்டருகே இருக்கும் பாசிர் ரிஸ் நூலகத்துக்குப் பாய்ந்தேன். சன்னலோரம் ஒரு நல்ல இடம். இரண்டையும் வைத்துவிட்டு ஒரு கோப்பி குடித்துவிட்டு வந்தால், நூலகத்துப் பெண் அங்கே நிற்கிறார்.

“அங்கிள், டிஷ்யூ எல்லாம் சாப்பாட்டுக் கடையில. இங்க ஆள் உட்காரணும்.”

“ஆள் வருதும்மா. என் மகள், டாக்டருக்குப் படிக்குது.”

“இப்ப எங்க இருக்காங்க?”

பொய் சொல்ல நேரமில்லை. “தூங்குது.”

சுற்றியிருந்த மாணவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“அப்ப அவங்க வர்ற வரைக்கும் நீங்க உட்கார்ந்து படிங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

படித்தேன். தோள்பட்டை எலும்பு, பாதி கடித்த அப்பளம்போல இருந்தது. முதல் வரியைப் படித்தேன். இரண்டாவது வரிக்குப் போனேன். புரியாமல் மறுபடி முதல் வரிக்கே வந்தேன். அதற்குப் பிறகு எந்த வரிக்குப் போனேன் என்று நினைவில்லை.

யாரோ தோளை உலுக்கினார்கள். பக்கத்து நாற்காலியில் மகள். அவள் நோட்டில் பத்துப் பக்கம் நிறைந்திருந்தது.

“எப்பம்மா வந்தே?”

“ரெண்டேகாலுக்கு. இப்ப அஞ்சு.”

“எழுப்ப வேண்டியதுதானே?”

“எழுப்பினேன். ‘பாதாம் சாப்பிட்டியா’ன்னு கேட்டுட்டுத் திரும்பத் தூங்கிட்டீங்க.”

“புத்தகம் இல்லாம எப்படிப் படிச்சே?”

“உங்க கன்னத்துக்கு அடியில இருந்து உருவினேன்.”

“இடம் கிடைச்சுதா?”

“நீங்க விட்ட குறட்டையில இந்த வரிசையே எழுந்து போயிடுச்சுப்பா. எந்த நாற்காலின்னு யோசிக்கத்தான் நேரமாச்சு.”

அன்று அவள் பத்து மணிக்கே படுத்தாள். நானும் விடியும்வரை எழாமல் தூங்கினேன்.

மறுவாரம் முடிவு வந்தது. நூற்றுக்கு அறுபத்தெட்டு. தேறிவிட்டாள்.