சம்பந்தியம்மாவிடம் பேச ஸ்பானிஷ்: கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு நாலு சனிக்கிழமை

பெட்டாலிங் ஜெயாவில் என் மகள் கவிதாவோடு வேலை செய்யும் ஸ்பெயின் பையனுக்கே அவளைக் கொடுப்பது என்று பேச்சு. போன மாதம் அவன் அம்மா கார்மென் எங்களைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது.

"அப்பா, எங்க ரெண்டு பேருக்கும் அன்னிக்கு வேலை. நீங்கதான் சாப்பிடக் கூட்டிட்டுப் போகணும். அவங்களுக்கு இங்கிலீஷ் வராது. மனசு கோணுச்சுன்னா கல்யாணம் அவ்வளவுதான்லா."

லோரி ஓட்டிய காலத்தில் பதினோரு மொழி பேசியவன் நான். பன்னிரண்டாவது ஒரு பொருட்டா? மூன்று சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் வகுப்புக்குப் போனேன். கிள்ளானில் காலை எட்டு மணி கொமுட்டர் ரயில், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், டிக்கெட் ஐந்து வெள்ளிக்குள். கேஎல் சென்ட்ரலில் இறங்கிப் பத்து நிமிட நடை.

பாடம் இங்கிலீஷில் நடக்கும். முதல் வாரம் இடம் சொல்லும் சொற்கள்: 'அக்கீ' என்றால் இங்கே, 'அயீ' என்றால் அங்கே. இரண்டாம் வாரம் அளவு: 'மூச்சோ' நிறைய, 'போக்கோ' கொஞ்சம். மூன்றாம் வாரம் உரிமை: 'மி' என்னுடைய, 'நுவெஸ்த்ரா' நம்முடைய.

"அங்கிள், மெதுவா சொல்லுங்க. ஸ்பெயினுக்கே கேட்டுடும்," என்றார் டீச்சர். என் குரல் அப்படி.

நாலாம் சனிக்கிழமை, பகல் 12.15, பிரிக்பீல்ட்ஸ் கடையில் கார்மென் அம்மாவோடு வாழையிலைச் சாப்பாடு. நான் 'போக்கோ' என்று கை காட்டக் காட்ட, அந்த அம்மா ரசம்வரை ஒரு கை பார்த்துவிட்டார். எல்லாம் நல்லபடி. கடைசியில் இலையின் ஓரத்தைப் பிடித்து, எதிர்ப்பக்கமாக மடிக்கப் போனார்.

சாவு வீட்டில் மடிக்கிற மாதிரி! கல்யாணப் பேச்சுக்கு வந்த இடத்தில்!

'பக்கம்' என்பதற்கு ஸ்பானிஷில் என்ன? மூன்று வாரப் பாடமும் ரயிலேறிப் போர்ட் கிள்ளானுக்கே ஓடிவிட்டது. என் இலையை எடுத்து, மெதுவாக என்னை நோக்கி மடித்து, நெஞ்சில் கை வைத்தேன்.

பரிமாறும் தம்பி குரல் கொடுத்தான்: "அப்படித்தான் ஆன்டி, உங்க பக்கமா!"

கார்மென் அம்மா என்னைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். தன் பக்கமாக மடித்தார். என்னைப் போலவே நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "நுவெஸ்த்ரா கவிதா."

என் கண்ணில் தண்ணீர் வந்தது ரசத்தின் மிளகால்தான்.

அந்தக் கடைக்குப் போகிறவர்கள் பன்னிரண்டரைக்கு முன் போனால் இடம் கிடைக்கும். இலை மடிப்பதை விருந்தாளிக்கு முதலிலேயே காட்டிவிடுங்கள். இடச்சொல், அளவுச்சொல் எல்லாம் ரயிலில் படித்துக்கொள்ளலாம். உரிமைச் சொற்களை மட்டும் வீட்டிலேயே படித்துவிட்டுக் கிளம்புங்கள். சம்பந்தியம்மா எந்த நேரத்தில் சொல்வார் என்று தெரியாது.