மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி

எனக்குப் பதிமூன்று வயது இருக்கும்போது வலது முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் கணுக்கால் வீங்கியது. பிறகு மணிக்கட்டு. ஏரிக்கு நடுவில் இருக்கிற எங்கள் ஊர் பசியாவரத்தில் பார்த்தவர்கள் எல்லோரும் ஏரித் தண்ணீரில் ஊறியதால் வந்த வாதம் என்றார்கள். எண்ணெய் போட்டு உருவி விட்டார்கள். வீக்கம் தானாகவே போய்விட்டது. ஆனால் அதற்குப் பிறகு படகிலிருந்து இறங்கிப் பள்ளிக்கூடம் வரை நடப்பதற்குள் எனக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது.

பழவேற்காட்டில் அப்போது ஒரு வயதான டாக்டர் இருந்தார். டச்சுக்காரர்கள் கல்லறைக்குப் போகிற தெருவில் அவருடைய கிளினிக். அவர் என் நெஞ்சில் குழாயை வைத்துவிட்டு வெகுநேரம் எடுக்கவே இல்லை. அம்மா பொறுக்க முடியாமல், "இன்னா சார், இன்னா கேக்குது?" என்றாள். அவர் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். தொண்டைப்புண்ணில் தொடங்கிய காய்ச்சல் மூட்டுக்குப் போய், மூட்டிலிருந்து இதயத்துக்குப் போயிருக்கிறது, ஒரு வால்வு கெட்டிருக்கிறது என்றார்கள். ஆபரேஷன் இப்போது வேண்டாம். ஆனால் மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, பல வருஷத்துக்கு என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

"விட்டா இன்னா ஆவும்?" என்று அம்மா கேட்டாள்.

"மறுபடி காய்ச்சல் வரும். ஒவ்வொரு தடவை வரும்போதும் வால்வு இன்னும் கொஞ்சம் கெட்டுப்போகும்" என்றார் அங்கிருந்த டாக்டர். நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கேட்கும் என்று யாரும் நினைக்கவில்லை போல.

ஊரில் வயதான டாக்டர் அந்த ஊசியைப் போட்டு வந்தார். சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். ஊசி இறங்கும்போது இடுப்பிலிருந்து குதிகால் வரை வலி ஓடும். அன்று முழுக்க நொண்டுவேன். அவர் அதிகம் பேச மாட்டார். "திரும்பு" என்பார். முடிந்ததும் "போயிட்டு வா" என்பார். அந்தப் "போயிட்டு வா"வைக் கேட்டுவிட்டால் அடுத்த மூன்று வாரத்துக்கு நான் செத்துப்போக மாட்டேன் என்று எனக்குள் ஒரு கணக்கு.

இரண்டு வருஷம் இப்படியே போனது. ஒரு நாள் நாங்கள் போனபோது கிளினிக் பூட்டியிருந்தது. பக்கத்து மருந்துக்கடைக்காரர்தான் சொன்னார். டாக்டருக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது, மகன் வந்து காரில் படுக்கவைத்து அழைத்துக்கொண்டு போய்விட்டார், இனி வரமாட்டார்.

அம்மா அவருக்காக உச்சுக்கொட்டினாள். அப்புறம் அவள் கண் என் பக்கம் திரும்பியது. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து ஊசி போட வேறு டாக்டரைத் தேட ஆரம்பித்தோம். அரசாங்க ஆஸ்பத்திரியில் அப்போது டாக்டர் இடம் காலி. வேறு ஊரிலிருந்து ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் வந்து போனார். நல்ல மனுஷர். "அம்மா, இந்த ஊசி சில பேருக்கு ஒத்துக்காது. ஒத்துக்கலன்னா நிமிஷத்துல மூச்சு நின்னுடும். காப்பாத்த இங்க ஒண்ணும் இல்ல. நான் போட மாட்டேன்" என்றார். எனக்கு இத்தனை நாள் தெரியாத செய்தி அது. ஊசி போடாவிட்டால்தான் சாவேன் என்று நினைத்திருந்தேன். போட்டாலும் சாகலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பொன்னேரிக்குப் போனோம். ஒருவர், "அதையெல்லாம் நிறுத்தியாச்சு" என்றார். இன்னொருவர் சீட்டைப் பார்த்ததுமே திருப்பிக் கொடுத்தார். மூன்றாமவர், "இத்தனை நாள் போட்டவர்கிட்டயே போங்க" என்றார். அவர் படுத்துவிட்டார் என்று அம்மா சொன்னபோது, "பாவம்" என்றார், அவ்வளவுதான்.

என் நைனாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். முகத்துவாரத்தில் அலை எழும்பி மற்றவர்கள் படகைத் திருப்பும்போது அவர் உள்ளே விட்டுக் கடலுக்குப் போய் வருவார். அப்படிப்பட்ட மனுஷர் டாக்டர் அறைக்குள் வந்தால் கதவோரமாக ஒண்டி நிற்பார். வாய் திறக்க மாட்டார். பேசுவதெல்லாம் அம்மாதான். அவள் மீன்கூடை தூக்கி ஊர் ஊராகப் போகிறவள், யாரிடமும் பேசுவாள். அந்த நாட்களில் அவளுக்கே பேச்சு குறைந்துபோனது.

ஒரு தடவை சென்னைக்கே போய்ப் போட்டுக்கொண்டு வந்தோம். விடியுமுன் படகு, பிறகு பஸ், ரயில், வரிசை. அடுத்த தடவைக்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. காற்று அடங்கவே இல்லை. ஏரி முழுக்க நுரை. படகு விடவில்லை. மூன்றாவது வாரம் முடிந்தது, நான்காவது வாரமும் போனது.

தினமும் காலையில் அம்மா அடுப்புப் பற்றவைப்பதற்கு முன் என் முழங்காலையும் கணுக்காலையும் அமுக்கிப் பார்ப்பாள். "நோவுதா?" என்பாள். "இல்லம்மா." பிறகு நைனா எழுந்து வந்து அதே இடத்தை அமுக்கிப் பார்ப்பார். நான் படுத்துக்கொண்டு என் நெஞ்சு அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். காதைத் தலையணையில் வைத்தால் நன்றாகக் கேட்கும். சில சமயம் ஒரு அடி தவறி அடுத்தது பலமாக விழும். அப்போது கையும் காலும் சில்லிட்டுப் போகும். யாரையும் எழுப்ப மாட்டேன்.

மழை விட்டதும் எனக்குத் தொண்டை கட்டியது. எச்சில் விழுங்கினால் முள் குத்தியது. அம்மா அன்றைக்கு மீன் விற்கக் காட்டூருக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தவள் கூடையைக் கூடக் கழுவாமல் நைனாவிடம் ஓடினாள்.

"காட்டூர்ல ஒரு வூட்டுக்கு டாக்டருக்குப் படிச்ச மருமவ வந்துக்கீதாம். மீன் வாங்குற அம்மா சொன்னாங்க. காலைல மட்டும் பாக்குதாம். சின்னப் பொண்ணாம்."

"அதுவும் மாட்டேன்னு சொல்லிட்டா?" என்றார் நைனா.

"சொல்லட்டும். போய்க் கேப்போம்."

மறுநாள் போனோம். வயல்வெளிக்கு நடுவே பெரிய வீடு. நெல் மூட்டை அடுக்கிய அறைக்குப் பக்கத்து அறையில் ஒரு மேஜையும் கட்டிலும் போட்டு அந்த டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். புழுங்கல் நெல் அவிக்கிற வாசனை வந்துகொண்டே இருந்தது. அவருக்கு என் பெரியம்மா மகள் வயதுதான் இருக்கும். சென்னைச் சீட்டை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். என் நெஞ்சைக் கேட்டார். தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்தார். கடைசி ஊசி எப்போது என்று கேட்டார். அம்மா சொன்னதும் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"போடணும்" என்றார். "கண்டிப்பா போடணும். ஆனா நான் இதை ஆஸ்பத்திரியில வச்சுத்தான் போட்டிருக்கேன். அங்க பக்கத்துல பெரிய டாக்டருங்க இருப்பாங்க. இங்க நான் மட்டும்தான். எனக்குப் பயமா இருக்கும்மா."

அம்மா எழுந்துவிட்டாள். "இன்னா டாக்டரம்மா, நீங்களே பயந்தா நாங்க இன்னா பண்றது? வா, போலாம்" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

கதவோரம் நின்றிருந்த நைனா நகரவில்லை. அவர் டாக்டர் முன்னால் பேசி நான் முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

"மாட்டேன்னு சொல்றியாம்மா? இல்ல, போடறேன்னு சொல்றியா?"

அந்தப் பெண் சென்னைச் சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு, "போடறேன்னுதான் சொல்றேன். ரெண்டு நாள் டைம் குடுங்க. அதுக்குள்ள என்னென்ன வேணுமோ எல்லாத்தையும் கொண்டுவந்து வச்சுக்கறேன்" என்றார். அதுவரைக்கும் விழுங்குவதற்கு மாத்திரை கொடுத்தார். புதன்கிழமை வரச் சொன்னார்.

அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து, எங்கேயோ யாரோ ஊசி போட்ட இடத்திலேயே சுருண்டு விழுந்த கதையைச் சொன்னார்கள். "பேஜாரு புடிச்ச ஊசி, அத போடாதடி" என்றாள் ஒருத்தி. அம்மா அவளை வெளியே போகச் சொல்லிவிட்டாள். ஆனால் போனபிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள்.

புதன்கிழமை போனபோது அறை மாறியிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர் நின்றது. டாக்டரம்மா ஒரு தட்டில் வேறொரு மருந்தை ஊசியில் ஏற்றித் தயாராக வைத்திருந்தார். "ஒத்துக்கலன்னா உடனே இதைப் போட்டுடுவேன்" என்று எங்களுக்குக் காட்டினார். வாசலில் அவருடைய வீட்டுக்காரர் காரைத் திருப்பி நிறுத்திவைத்திருந்தார். எங்களுக்காக இவ்வளவு செய்திருக்கிறார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இவ்வளவு ஆபத்தா என்றுதான் தோன்றியது.

முதலில் முன்கையில் தோலுக்கடியில் துளி மருந்து ஏற்றிச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டார். எல்லோரும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அரிக்கிறதா என்று கேட்டார். பயத்தில் எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. எதைச் சொல்வது? "தெரியல" என்றேன். குனிந்து என் தோலைத் தடவிப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல. திரும்பிப் படு, பாப்பா."

ஊசி இறங்கியது. பழைய வலிதான். வலி குதிகால் வரைக்கும் போனது. வெளியே எடுத்துப் பஞ்சை அமுக்கினார். நான் எழுந்து உட்காரப் போனேன். அறை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காதுக்குள் கடல் சத்தம் மாதிரி ஒரு இரைச்சல். அம்மாவின் முகம் இருந்த இடம் கறுப்பாகிவிட்டது. ஒத்துக்கொள்ளவில்லை, அதுதான் இது, என்று நினைத்தேன். நைனா என் பேரைச் சொல்லிக் கத்தியது மட்டும் எங்கோ தூரத்தில் கேட்டது.

கண் திறந்தபோது மல்லாந்து கிடந்தேன். நைனா என் இரண்டு காலையும் தூக்கிப் பிடித்திருந்தார். டாக்டரம்மா ஒரு கையால் என் நாடியைப் பிடித்திருந்தார். மறு கையில் அந்த இன்னொரு ஊசி. அவர் போடவில்லை. என் கண்ணையும் உதட்டையும் பார்த்து, நெஞ்சைக் கேட்டு, மறுபடி நாடியைப் பார்த்தார்.

"மயக்கம்தான். வெறும் மயக்கம்" என்றார். "காலைல என்ன சாப்பிட்ட?"

"ஒண்ணும் சாப்டல."

"நேத்து ராத்திரி?"

அதற்கும் அம்மா இல்லையென்று தலையை ஆட்டினாள்.

டாக்டரம்மா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். முகம் வியர்த்திருந்தது. உள்ளே குரல் கொடுத்து எனக்குச் சர்க்கரை போட்ட கஞ்சி கொண்டுவரச் சொன்னார். அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது அம்மாதான். மத்தியானம் வரைக்கும் டாக்டரம்மா எங்களை அனுப்பவில்லை. அடிக்கடி வந்து என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் அவர்தான் எங்கள் டாக்டர். எனக்கு மட்டும் இல்லை. நைனாவுக்குத் திருக்கை முள் குத்திச் சீழ் பிடித்தபோதும், அம்மாவுக்குச் சர்க்கரை வந்தபோதும் காட்டூருக்குத்தான் போனோம். ஒவ்வொரு தடவை ஊசி போடும்போதும் அவர் பயந்துகொண்டேதான் போட்டார். அதை மறைத்ததும் இல்லை. நானும் பயந்துகொண்டேதான் போட்டுக்கொண்டேன். பயம் குறையும் என்று எதிர்பார்த்தேன், குறையவில்லை.

ஏழாவது வருஷம் அவருடைய வீட்டுக்காரருக்கு வேறு மாநிலத்தில் வேலை கிடைத்தது. விஷயத்தைச் சொன்னபோது எனக்குப் பழையபடி கை சில்லிட்டது. அவர், "உன்னைச் சும்மா விட்டுட்டுப் போக மாட்டேன்" என்றார். அடுத்த ஊசிக்கு எங்களோடு பஸ் ஏறிப் பொன்னேரிக்கு வந்தார். புதிதாகக் கிளினிக் திறந்திருந்த ஒரு டாக்டரிடம் எங்களோடேயே வரிசையில் உட்கார்ந்து காத்திருந்தார். அந்தப் பொன்னேரி டாக்டரும் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னார். டாக்டரம்மா வாதாடினார். எந்த மருந்தை எப்படி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், எவ்வளவு நேரம் உட்கார வைக்க வேண்டும் என்று எல்லாம் சொன்னார். கடைசியில் அந்த டாக்டர், "முதல் தடவை நீங்க பக்கத்துல நிக்கணும்" என்றார். நின்றார்.

பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தோம். நைனாவுக்கு ஏதோ சொல்ல வேண்டும் போல இருந்தது. டம்ளரைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, "அந்த ஊர்ல மீன் கெடைக்குமாம்மா?" என்று கேட்டார்.

"ஆத்து மீன்தான்பா கிடைக்கும்" என்று அவர் சிரித்தார்.

காட்டூர் பஸ் முதலில் வந்தது. ஏறி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை.

பொன்னேரி டாக்டர் இப்போதும் எனக்குப் போடுகிறார். நாற்பது வயது வரைக்கும் போட வேண்டும் என்கிறார்கள், இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது. அவருக்கும் தலை நரைத்துவிட்டது. போன மாதம் அவர் இருமியபோது, "உடம்புக்கு என்ன சார்?" என்று கேட்டேன். "சளிதாம்மா" என்றார். வீட்டுக்கு வந்தும் எனக்கு அந்த இருமல்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.