காய்ந்த வலை

சிசிலித் தீவிலிருந்து ரயில் மாறி மாறி லண்டன் வந்து சேர்ந்திருக்கிறேன். மனோர் பார்க்கில் ஒரு மாடியறை. யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் மீன்பிடித்த அன்ரன், பெற்றோல் ஷெட் ஷிப்ட் முடிந்து வந்து, உடுப்பு மாற்றாமலே தன் தம்பி என்னிடம் கொடுத்துவிட்ட படத்தை வாங்கிப் பார்க்கிறான். அதில் தம்பி ராசன் இத்தாலியக்காரர் நடுவே, கறுப்பு வள்ளமொன்றில் வலையைப் பிடித்தபடி நிற்கிறான். சூரை மீன் பிடிக்கும் வேலை கிடைத்துவிட்டது, இனி லண்டனுக்கு வரவில்லை என்று எழுதியவன் அவன்.

“வலை காய்ஞ்சு கிடக்கு” என்கிறான் அன்ரன். “உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை.”

சொல்கிறேன். கடலுக்குள் வலையாலேயே அறைகள் கட்டி, சூரையை உள்ளே மறித்துப் பிடித்த பழைய ஊர் அது. இப்போது மீன் வருவதில்லை. மீன் அவித்து டின்னில் அடைத்த கல் மண்டபம் சாப்பாட்டுக் கடையாகிவிட்டது. கோடையில் வரும் உல்லாசப் பயணிகளுக்காக, கரையில் கிடக்கும் வள்ளத்தில் ஏறி வெறும் வலையை இழுத்துக் காட்டுகிறார்கள். ராசனுக்கு அதுதான் வேலை. மற்ற நேரம் கோப்பை கழுவுகிறான்.

“பாட்டும் படிக்கிறவனோ?”

“ஓம். வலை இழுக்கேக்கை அவை படிக்கிற அம்பா.”

அன்ரன் சிரிக்கிறான். “அப்பா அடிச்சும் அம்பா படிக்காதவன்.”

பிறகு படத்தைக் கவிழ்த்து வைக்கிறான்.

“ஊரிலை அகதி முகாமிலை கிடக்கிற அம்மாவுக்கு, அவன் கடலுக்குப் போறான் எண்டே எழுதிவிடுறன். படம் அனுப்பேலாது. அவவும் கிழிஞ்ச வலை பொத்தினவ.”